ரத்த ஸ்மியருக்கான பிஏஎஸ் சாயக் கிட்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பிய ரத்த ஸ்மியரில், வெள்ளணுக்களுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை நிறமாக மாற்றிக் காட்டும் பிஏஎஸ் (பெர்அயோடிக் அமிலம்-ஷிஃப்) சாயக் கிட் ஒன்றை எங்கள் ரத்தவியல் ஆய்வகத்தில் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். சாயமேற்றுவதும் முதல் பார்வை பார்ப்பதும் என் பொறுப்பு என்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்லைடும் என் கையைக் கடந்தே மருத்துவரின் மேசைக்குப் போயிருக்கிறது. தயாரிப்பாளரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில், இதே மூன்று பாட்டில்களோடு பலர் விற்கிறார்கள் என்பதால், நான் எழுதுவது இந்த வகைக் கிட் எதை வாங்க நினைப்பவருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை 1 சதவீதப் பெர்அயோடிக் அமிலம், ஷிஃப் கரைசல், உட்கருவை நீலமாக்கும் எதிர்ச்சாயமாக ஹீமடாக்சிலின், மடித்த கையேடு ஒன்று, அவ்வளவுதான். ஸ்மியரை நிலைப்படுத்தத் தேவையான மெத்தனால் நம்முடையது. கிளைகோஜனைச் செரித்துக் காட்டும் டயாஸ்டேஸ் நொதி இதில் இல்லை. அந்தக் குறைக்குப் பிறகு வருகிறேன்.

ஷிஃப் கரைசலை ஆய்வகத்திலேயே தயாரித்த நாட்களை அறிந்தவர்களுக்கு ஆயத்தக் கரைசலின் அருமை சொல்லாமலே விளங்கும். கொதித்த நீரில் பேசிக் ஃபியூக்சினைக் கரைத்து, ஆறவிட்டு, அமிலமும் மெட்டாபைசல்ஃபைட்டும் சேர்த்து, இருட்டில் ஓர் இரவு முழுக்க வைத்து, மறுநாள் கரித்தூள் போட்டு வடிகட்டினால்தான் தண்ணீர் போலத் தெளிந்த, அல்லது வெளிர் வைக்கோல் நிறத்திலான கரைசல் கிடைக்கும். சில முறை கிடைக்காமலும் போகும். ஃபியூக்சின் தூள் ஒரு சிட்டிகை சிந்தினாலும் மேசை, கையுறை, அங்கி என்று கருஞ்சிவப்பாகப் பரவி நாள் முழுவதையும் கெடுத்துவிடும். இந்தக் கிட்டின் ஷிஃப் பாட்டிலை முதன்முதலாகத் திறந்தபோது கந்தக டைஆக்சைடின் காரநெடி மூக்கில் ஏறியது. சோதனைக் குழாயில் சிறிது ஃபார்மலின் எடுத்து, அதில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆழ்ந்த ஊதாச் சிவப்பாக மாறியது. கரைசல் வீரியத்தோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. நிறம் தயங்கித் தயங்கி, நீலம் கலந்து வந்தால் கரைசல் தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்தச் சாயம் எதைப் பிடிக்கிறது என்பதில் தெளிவு இருந்தால்தான் கிட்டை நியாயமாக எடைபோட முடியும். கிளைகோஜன் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கிளை கிளையாகக் கோத்த மூலக்கூறு. ஒரு துகளில் 55,000 அலகுகள் வரைகூட இருக்கலாம். அந்த ஒவ்வோர் அலகிலும் இரண்டாம், மூன்றாம் கார்பன்களில் அடுத்தடுத்து ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. பெர்அயோடிக் அமிலம் சரியாக அந்த இரண்டு கார்பன்களுக்கு நடுவே பிணைப்பை வெட்டி, இரண்டு முனைகளிலும் ஆல்டிஹைடை உண்டாக்குகிறது. இந்த வெட்டும் வினையை மலப்ராடு 1928-இல் விவரித்தார். ஆல்டிஹைடு கிடைத்ததும் நிறமற்ற ஷிஃப் கரைசல் அதோடு சேர்ந்து மெஜந்தா நிறம் பெறுகிறது. ஹியூகோ ஷிஃப் இந்த வினையை 1866-இலேயே வெளியிட்டிருந்தாலும், இரண்டையும் இணைத்து நுண்ணோக்கியின் கீழ் திசுக்களைப் பார்க்கும் முறை 1946-இல் மெக்மேனஸின் கையில்தான் உருப்பெற்றது. ஆக, இந்தச் சாயம் அறிவது அருகருகே அமைந்த ஹைட்ராக்சில்களை மட்டுமே. அத்தகைய அமைப்பு சர்க்கரை ஏறிய புரதங்களிலும் உண்டு. சிவந்ததெல்லாம் கிளைகோஜன் ஆகிவிடாது என்ற எச்சரிக்கை கிட்டின் கையேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒரு பிஏஎஸ் கிட் நல்லதா என்பதை எனக்குச் சொல்வது முதிர்ந்த நியூட்ரோபில் என்ற வெள்ளணுதான். ஆரோக்கியமான ஒருவரின் ரத்த ஸ்மியரில் ஆயில் லென்ஸை இறக்கினால், நியூட்ரோபிலின் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சுற்றிய பகுதி) விளிம்பிலிருந்து விளிம்பு வரை மெஜந்தா நிறத்தால் நிறைந்திருக்க வேண்டும். மெல்லிய மணல் தூவியது போன்ற பின்னணியும் அதன்மேல் சற்றே அடர்ந்த துகள்களும் பிரித்தறியும்படி தெரிய வேண்டும். நடுவே மடல்களாகப் பிரிந்த உட்கரு வெளிர் நீலமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பக்கத்திலிருக்கும் இன்னொரு வெள்ளணு வகையான ஈயோசினோபிலில் துகள்கள் நிறம் ஏற்காமல் குமிழ் குமிழாகத் தெரிய, அவற்றின் இடைவெளி மட்டும் சிவந்திருக்கும். மோனோசைட்டில் மங்கலான பின்னணியில் பொடித்துகள்கள் சிதறியிருக்கும். லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை வெறுமையாகவே இருக்க, சிலவற்றில் மட்டும் உட்கருவைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு புள்ளிகள் தென்படும். சிவப்பணுக்கள் நிறமற்று இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரே ஸ்லைடில், ஒரே முறை சாயமேற்றியதில் இந்தக் கிட் சரியாகக் காட்டியது. பின்னணி கறைபடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் முன்பு வைத்திருந்த இன்னொரு தயாரிப்பில் பிளாஸ்மாவே இளஞ்சிவப்பாகப் படர்ந்து, லிம்போசைட்டின் நுண்புள்ளிகளை விழுங்கிவிடும்.

நியூட்ரோபில் ஏன் இவ்வளவு கிளைகோஜனைச் சுமந்து திரிகிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்தச் சாயத்தின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. அதனிடம் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகக் குறைவு. அது போய்ச் சேரும் இடமோ சீழும் சிதைந்த திசுவும் நிறைந்த, ஆக்சிஜனும் குளுக்கோஸும் வற்றிய இடம். அங்கே கிருமியை விழுங்கவும் கொல்லவும் தேவையான ஆற்றலை அது கையோடு கொண்டுபோகும் கட்டுச்சோறு என்று கிளைகோஜனைச் சொல்லலாம். கிளைகோஜன் பாஸ்பாரிலேஸ் நொதி குளுக்கோஸ் அலகுகளைப் பாஸ்பேட் சேர்த்தே கழற்றித் தருவதால், குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்றும் ஹெக்சோகைனேஸ் படிக்கு ஆகும் ஒரு ஏடிபி (அணுவின் ஆற்றல் நாணயம்) மிச்சமாகிறது. வெளியிலிருந்து உள்வாங்கிய குளுக்கோஸ் கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் பாதை) வழியே இரண்டு ஏடிபி தந்தால், கிளைகோஜனிலிருந்து வந்தது மூன்று தருகிறது. இப்படிக் கழன்ற குளுக்கோஸ், குளுக்கோஸ் 6 பாஸ்பேட் வடிவில் பென்டோஸ் பாஸ்பேட் பாதையிலும் நுழைந்து, கிருமியை எரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்க வேண்டிய என்ஏடிபிஹெச்சையும் தருகிறது. நியூட்ரோபில்கள் குளுக்கோஸ் அல்லாத பொருள்களிலிருந்தும் குளுக்கோஸ் பாஸ்பேட்டை உருவாக்கிக் கிளைகோஜனாகச் சேர்க்க வல்லவை என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வாழ்நாளின் இறுதியை நெருங்கிய, இனிப் பிரியாத ஓர் அணு என்று நாம் எண்ணிவந்த நியூட்ரோபில், தன் கையிருப்பைத் தானே நிரப்பிக்கொள்ளத் தெரிந்ததாக இருக்கிறது.

இந்தக் கையிருப்பு பிறவியிலேயே வருவது அன்று. எலும்பு மஜ்ஜையில் மையலோபிளாஸ்ட் என்ற முதல் இளநிலையில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இருந்தால் மிக மெல்லிய, பரவலான ஒரு சாயல் மட்டுமே. புரோமையலோசைட்டில் சிறிது தெரியத் தொடங்கி, மையலோசைட்டிலிருந்து வேகமெடுத்து, முதிர முதிரக் கூடி, துண்டுபட்ட உட்கருவை அடையும்போது உச்சத்தைத் தொடுகிறது. நல்ல மஜ்ஜை ஸ்மியரை இந்தக் கிட்டில் சாயமேற்றிப் பார்த்தபோது இந்தப் படிக்கட்டு முழுவதும் ஒரே பார்வைப் புலத்தில் கிடைத்தது. கீழ்ப்படிகளின் வெளிர்மைக்கும் மேற்படிகளின் அடர்த்திக்கும் இடையே இடைநிலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் ஒரே அடர்சிவப்பாக்கிவிடும் கிட்டில் இது நடக்காது. அடர்த்தியான நிறமே நல்ல சாயம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் அணுக்களில் இந்தப் படிக்கட்டு உடைகிறது. தீவிர மையலாய்டு லுகேமியாவில் முதிர்ச்சி கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவதால், பிளாஸ்டுகள் (முதிராத இளம் அணுக்கள்) பெரும்பாலும் வெறுமையாகவோ மெல்லிய பரவலான சாயலோடோ காணப்படுகின்றன. லிம்போசைட் வழியில் எழும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவின் காட்சி முற்றிலும் வேறு. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு மஜ்ஜை ஸ்மியரை மறக்க முடியாது. மையலாய்டு அணுக்களைக் காட்டிக்கொடுக்கும் மையலோபெராக்சிடேஸ் சாயத்தில் பிளாஸ்டுகள் நிறம் ஏற்கவில்லை. அதே மஜ்ஜையின் இன்னொரு ஸ்லைடை இந்தக் கிட்டில் சாயமேற்றி லென்ஸை இறக்கியபோது, உட்கருவை ஒட்டிய குறுகிய சைட்டோபிளாசத்தில் மணிகள் கோத்தாற்போல் மெஜந்தாத் துகள்கள் வரிசையாக நின்றன. சில அணுக்களில் அவை ஒன்றோடொன்று கலந்து, ஒருபக்கமாகக் குவிந்த கட்டியாகவே இருந்தன. அந்தக் கட்டியைச் சுற்றிய சைட்டோபிளாசம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருந்தது. நியூட்ரோபிலின் பரவலான சிவப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தத் தெளிந்த பின்னணியில்தான் இருக்கிறது. பின்னணியைக் கறைபடுத்தும் கிட்டில் இந்த மிக முக்கியமான தடயமே அழிந்துபோகும். பின்பு, அணுக்களின் புரதக் குறிகளை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அவை பி வகை லிம்போபிளாஸ்டுகள் என்று உறுதி செய்தது.

ஆரோக்கியமான லிம்போசைட்டில் சில புள்ளிகளாக மட்டும் இருக்கும் கிளைகோஜன், அதன் புற்று வடிவத்தில் கட்டியாகச் சேர்வது கிளைகோஜன் வளர்சிதை மாற்றம் தடம் புரண்டிருப்பதைக் காட்டுகிறது. ஆனால் இங்கேதான் கிட்டின் எல்லையை உணர வேண்டும். சேர்க்கும் சிந்தேஸ் நொதி கூடுதலாக உழைக்கிறதா, பிரிக்கும் பாஸ்பாரிலேஸ் சோம்பிக் கிடக்கிறதா, அல்லது அந்த அணு வேறு எரிபொருளில் ஓடிக்கொண்டு இதைத் தொடாமலே வைத்திருக்கிறதா என்பதைச் சாயம் சொல்லாது. வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்ப்பது போன்றது இது. வரவும் செலவும் அதில் தெரியாது. நாள்தோறும் பெருந்தொகை வந்து போகும் கணக்கிலும், வருடக்கணக்கில் தொடாத கணக்கிலும் ஒரே இருப்பு இருக்கலாம். நொதிகளின் செயல்பாட்டை அளவிடவோ, குறியிட்ட குளுக்கோஸைப் பின்தொடரவோ வேறு முறைகள் வேண்டும். கிட்டின் விளம்பரத் தாளில் 'கிளைகோஜன் வளர்சிதை மாற்றத்தை மதிப்பிட' என்று அச்சிட்டிருப்பது அளவு கடந்த சொல். 'கிளைகோஜன் இருப்பைக் காண' என்று எழுதியிருந்தால் குறை சொல்ல இடமில்லை.

நோயறிதலிலும் அதே நிதானம் தேவை. லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவிலேயே பிளாஸ்டுகள் பிஏஎஸ் சாயம் ஏற்காத நோயாளிகள் உண்டு. டி வகையில் அது இன்னும் கூடுதல். பர்கிட் வகை அணுக்கள் பொதுவாக நிறம் ஏற்பதில்லை. அவற்றின் குமிழ்களில் இருப்பது கொழுப்பு. மோனோபிளாஸ்டுகளும் மெகாகாரியோபிளாஸ்டுகளும் சில நேரம் கட்டிகளைக் காட்டி ஏமாற்றிவிடும். எரித்ராய்டு லுகேமியாவில் சிவப்பணுத் தாய் அணுக்கள் பளிச்சென்று நிறமேறும் என்றாலும், தலசீமியாவிலும் கடுமையான இரும்புச்சத்துக் குறைவிலும் அவை நிறமேறக்கூடும். ஃப்ளோ சைட்டோமெட்ரியும் மரபணுச் சோதனைகளும் வந்த பிறகு, 1976-ஆம் ஆண்டின் எஃப்ஏபி (பிரெஞ்சு-அமெரிக்க-பிரிட்டிஷ்) லுகேமியா வகைப்பாட்டுக் காலத்தில் பிஏஎஸ் வகித்த இடம் இன்று இல்லை. அதை ஒப்புக்கொண்டு, ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்வோருக்கு இந்தக் கிட் போதுமானது.

இனி குறைகள். முதலாவது டயாஸ்டேஸ் இல்லாமை. ஒரே ரத்தத்தின் இரண்டு ஸ்மியர்களை எடுத்து, ஒன்றை மட்டும் டயாஸ்டேஸில் ஊறவைத்து, பிறகு இரண்டையும் ஒன்றாகச் சாயமேற்றினால், முதலாவதில் சிவப்பு மறைந்து இரண்டாவதில் நிற்க வேண்டும். மறைந்தது கிளைகோஜன்; செரித்த பின்னும் எஞ்சி நிற்பது வேறு ஏதோ ஒன்று. இந்த ஒப்பீடு இல்லாமல் ஐயமான ஸ்லைடில் கிளைகோஜன் என்று எழுதுவது துணிச்சல். உமிழ்நீரிலுள்ள அமிலேஸைக் கொண்டே முன்னோர் இதைச் செய்தார்கள்; இன்றைய பாதுகாப்பு விதிகளில் அது சரிப்படாது. உலர் தூளாக ஒரு சிறு குப்பி சேர்த்திருந்தால் கிட்டின் தரம் பல மடங்கு உயர்ந்திருக்கும். நாங்கள் தனியாக வாங்கிப் பயன்படுத்துகிறோம்.

இரண்டாவது, ஷிஃப் பாட்டிலின் மூடி. ஐந்தாம் மாதம் வந்த புதிய லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) நடந்ததைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டுகள் நிறைந்த ஒரு மஜ்ஜை ஸ்மியரைச் சாயமேற்றினேன். பிளாஸ்டுகளில் நிறமே இல்லை. பிஏஎஸ் எதிர்மறை என்று குறிப்பெழுதக் கை போனது. அந்த மஜ்ஜையில் பிளாஸ்டுகள் மற்றெல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளியிருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நியூட்ரோபில்கூட எளிதில் கிடைக்கவில்லை. நெடுநேரம் தேடி ஓரத்தில் ஒன்றைக் கண்டபோது அது வெளிறிப்போய், வாடிய ரோஜா இதழ் நிறத்தில் இருந்தது. நியூட்ரோபிலே வெளிறியிருந்தால் பிளாஸ்டின் வெறுமைக்கு எந்தப் பொருளும் இல்லை. பாட்டிலைத் திறந்து பார்த்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. மூக்கைத் துளைக்கும் நெடியும் இல்லை. உள்மூடி சரியாகப் பொருந்தாமல், கந்தக டைஆக்சைடு கசிந்து வெளியேறியிருந்தது. வேறொரு பாட்டிலை எடுத்து மீண்டும் செய்தபோது அதே பிளாஸ்டுகளில் துகள்கள் தெளிவாக வந்தன. விற்பனையாளரிடம் முறையிட்டோம், பாட்டிலை மாற்றித் தந்தார்கள், மூடியைப் பற்றிய பதில் இன்றுவரை வரவில்லை. ஒரு நோயாளியின் அறிக்கை அந்த மூடியின் இறுக்கத்தைப் பொறுத்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அன்றிலிருந்து, ஆரோக்கியமான ரத்தத்தின் ஒரு ஸ்மியரையும் ஒவ்வொரு முறையும் கூடவே சாயமேற்றுகிறோம். லுகேமியா ஸ்லைடுக்குள்ளேயே நியூட்ரோபில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கையேடு இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கையேட்டின் நேரக் கணக்குகள் சரியானவை. மெத்தனாலில் 15 நிமிடம் நிலைப்படுத்தி, பெர்அயோடிக் அமிலத்தில் 10 நிமிடம், கழுவி, ஷிஃப் கரைசலில் இருட்டில் 30 நிமிடம், ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, கடைசியாக ஹீமடாக்சிலின் என்ற வழக்கமான முறையே அதில் உள்ளது. ஓடும் நீரில் கழுவும்போதுதான் நிறம் முழுமையாக எழுகிறது. அங்கே அவசரப்படுவோர் பின்பு கிட்டைக் குறை சொல்வது முறையன்று. ஷிஃப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் இருட்டில் வைத்து, பயன்படுத்துமுன் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. ஹீமடாக்சிலின் சற்று அடர்த்தியானது. கொடுத்திருக்கும் நேரம் முழுவதும் வைத்தால் உட்கரு கருநீலமாகி, குறுகிய சைட்டோபிளாசம் கொண்ட லிம்போபிளாஸ்டில் ஓரத் துகள்களை மறைக்கிறது. பாதி நேரம் போதும் என்பது என் அனுபவம்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு மஜ்ஜை ஸ்மியர்கள் மட்டும் வரும் ஆய்வகம் பெரிய பாட்டில் கிட்டை வாங்க வேண்டாம். திறந்து திறந்து மூடுவதிலேயே ஷிஃப் கரைசல் தளர்ந்துவிடும். சிறிய அளவு கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். மாணவர்களுக்குக் கற்பிக்கும் துறைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மையலோபிளாஸ்டிலிருந்து நியூட்ரோபில் வரை கிளைகோஜன் ஏறும் படிக்கட்டை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் ஆயத்தக் கிட் வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். டயாஸ்டேஸ் இல்லாமைக்கு ஒன்று, மூடிக்கு அரை குறைத்திருக்கிறேன். அடுத்த லாட் வந்ததும் ஃபார்மலின் சொட்டுச் சோதனையையும் இயல்பான ரத்த ஸ்மியரையும் முதல் நாளே செய்து பார்த்து, மூடி திருத்தப்பட்டிருந்தால் அந்த அரையைத் திருப்பிச் சேர்ப்பேன்.